மூளைக்காய்ச்சலும் வயல் தண்ணீரும்

செஞ்சி மலையடிவாரத்தில் ஏரிகள் நிறைந்து சம்பா வயல்களில் நீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், குழந்தையொன்று கடுஞ்சுரத்தோடு வலிப்புக் கண்டு நினைவிழந்தால், ‘மூளைக்காய்ச்சல்’ என ஒரே பெயரிட்டுத் தெருவில் புகையடித்து ஓய்வது போதாது. அப்பெயரின் கீழ்ப் பல வைரஸ்கள் அடங்கும். ஒவ்வொன்றும் வரும் வழி வேறு. தடுக்கும் வழியும் வேறு.

இவற்றுள் நெற்பயிரிடுவோரை நேரே சார்ந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயர் அயல்நாட்டதாயினும், இந்தியாவில் இது முதன்முதல் அறியப்பட்டது 1955-ல், செஞ்சிக்கு வடக்கேயுள்ள வேலூரிலேயாம். கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் இவ்வைரஸ் பெருகுகிறது. நெல்வயல் நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு அதனை மனிதருக்குக் கொணர்கிறது. மாட்டின் மீது பழி சுமத்துவோரும் உண்டு. மாட்டின் இரத்தத்தை இக்கொசு விரும்புமேயன்றி, மாட்டினிடம் வைரஸ் பெருகுவதில்லை. தொற்றியோரில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவரே கடும் நோய்க்கு ஆளாவர். அவ்வாறு ஆளானோரில் 100-க்கு 30 பேர் வரை மடிவதுண்டு. பிழைத்தோரிலும் சிலர் கைகால் முடங்கியோ அறிவு மங்கியோ வாழ நேர்கிறது.

பிற வைரஸ்களின் போக்கு வேறு. 1965-ல் நாகபுரியை அடுத்த சண்டிபுராவில் அறியப்பட்டதை மணல் ஈ பரப்புகிறது. குழந்தை ஓரிரு நாளிலேயே இறக்கக்கூடும். 2018-ல் கோழிக்கோட்டில் கண்ட நிபா, பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருவது. நோயாளியைப் பேணுவோருக்கும் தொற்றும். ஹெர்பிஸ் வைரஸுக்குப் பருவமில்லை. ஆயின் காலந்தாழ்த்தாது கொடுத்தால் உயிர்காக்கும் மருந்து அதற்குண்டு. வெளிக்குறிகளைக் கொண்டு மட்டும் இன்னதெனத் துணிதல் வைத்தியருக்கும் அரிது. இரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதித்தே அறிய வேண்டும். ஆகவே கிராம அதிகாரிகள் நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு, நாய் கடித்ததுண்டா, வயலும் பன்றிப்பட்டியும் எவ்வளவு தூரம், தடுப்பூசி போடப்பட்டதா என்பனவற்றையும் எழுதியனுப்புதல் நலம்.

நிலமுடையோர் கடமை இதனினும் பெரிது. முட்டை பொரிந்து கொசுவாய்ப் பறக்க ஏறக்குறைய பத்து நாட்களாகும். அதற்குள் வயல் ஒருமுறை சுண்டினால் புழுக்கள் மடியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை தண்ணீர்ச் சிக்கனத்துக்கென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வயலின் காய்ச்சல் குழந்தையின் காய்ச்சலைத் தடுக்க உதவும் என்பதை உணர்ந்தோர் சிலரே. கதிர் வரும் தருணத்தில் மட்டும் நீர் குறையலாகாது.

ஒருவர் தம் வயலை மட்டும் காயவிட்டுப் பயனில்லை. இக்கொசு ஒரு மைலுக்கு மேலும் பறக்கவல்லது. ஒரு மதகின் ஆயக்கட்டு முழுதும் ஒருசேரக் காய வேண்டும். தலைமடைக்காரரை இதற்கு இசையச் செய்வது எளிதன்று என்பது ஊரறிந்த சங்கதி. எனவே முறைப்பாசனம் வகுக்கும் நாளிலேயே இதனையும் பேசி முடிக்க வேண்டும். பன்றிப்பட்டிகளை வீடுகளுக்கு அப்பால் அமைப்பதையும் அன்றே தீர்மானிக்கலாம். அடைமழை நாட்களில் வயலைக் காயவிட இயலாது. அப்போது கொசுவலையும், முன்னரே போட்ட தடுப்பூசியுமே துணை.