மூலைவிட்டக் கணக்கு

கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதற்கென்றே புது மானிட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்று 32 அங்குல 4கே, இன்னொன்று 34 அங்குல அல்ட்ராவைட். 34-தான் பெரியது என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். ஆனால் அங்குலம் அளப்பது மூலைவிட்டத்தை. மூலைவிட்டத்தை மாற்றாமல் ஒரு செவ்வகத்தைப் பக்கவாட்டில் இழுக்க இழுக்க அதன் பரப்பு குறைந்துகொண்டே போகும். 32 அங்குல 4கே திரை ஏறத்தாழ 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். 34 அங்குல அல்ட்ராவைட் 80 செ.மீ. அகலம், உயரம் 33 தான். பெருக்கிப் பார்த்தால் 'பெரிய' திரைதான் சின்னது. சாதாரண 27 அங்குல மானிட்டரின் உயரமும் அதே 33 சொச்சம் செ.மீ.தான் என்பதால், அல்ட்ராவைட் வாங்குகிறவர் உண்மையில் 27 அங்குலத் திரையின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை ஒட்டி வாங்குகிறார். இந்த மயக்கம் அரசாங்கத்துக்கும் இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரையிலான மானிட்டர்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28. ஆகவே பரப்பில் சிறிய அல்ட்ராவைட் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் அதிக வரி கட்டியது. வரிக்கு முந்தைய விலை 40,000 ரூபாய் என்றால் வித்தியாசம் 4,000. 2025 செப்டம்பர் 22 அன்று இரண்டும் 18 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் இந்தப் போட்டி சமதளத்தில் நடக்கிறது.

சமதளத்தில் நிற்கவைத்துப் பார்த்தால், ஒரே ஒரு திரை வாங்க முடிகிற வீட்டுக்கு 4கே தான் சரி என்பது என் கட்சி. அகலம் கேமை உருவாக்கியவரின் தயவை எதிர்பார்க்கிறது. கூர்மைக்கு அந்தத் தயவு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அகலத்திரை எப்படி வந்தது என்பதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தபோது, அந்தப் பிரம்மாண்டக் கூடத்தில் விழுந்த படம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டிய பழைய சட்டகம்தான். அடுத்த ஆண்டே, வீட்டுக்குள் புகுந்துவிட்ட டெலிவிஷனிடமிருந்து கூட்டத்தை மீட்க, ஹாலிவுட் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பை இறக்கியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-ல். இடையில் இருபது ஆண்டுகள். காரணம், தியேட்டர்காரர் நீளமான வெள்ளைத்துணியைத் தொங்கவிட்டால் மட்டும் படம் அகலமாகிவிடாது. தனி லென்ஸ் வேண்டும், அந்த நீளத்துக்கு ஆட்களை நிறுத்தி அடுக்கத் தெரிந்த இயக்குநர் வேண்டும், செட்டையும் அதற்கேற்ப நீட்டிப் போட வேண்டும். பழைய சட்டகத்தில் எடுத்த படத்தை அகலத்திரையில் ஓட்டினால் பக்கங்களில் கருப்பு நிற்கும், அல்லது நடிகரின் தலை வெட்டுப்படும்.

கேமிலும் இதுவேதான் நடக்கிறது. இங்கே கல்லூரிப் பையன்கள் விழுந்து விழுந்து ஆடும் வாலரன்ட், பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டுவது போட்டிக்கு நியாயமில்லை என்பதால் அல்ட்ராவைட்காரர்களுக்குக் கூடுதல் காட்சியைத் தருவதில்லை. 2022-ல் உலகமே கொண்டாடிய எல்டன் ரிங், பணம் கொட்டி வாங்கிய அந்த இரண்டு பட்டைகளையும் கருப்பாக்கிவிட்டு நடுவில் மட்டும் ஓடியது. அகலத்தை ஏற்கும் கேம்களிலும் கதை சொல்லும் இடைக்காட்சிகள் பல பழைய அளவுக்கே சுருங்கிவிடும். முழுதாக ஏற்றுக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரணத் திரையில் 90 டிகிரிப் பார்வை தரும் கேம் அல்ட்ராவைடில் சுமார் 107 டிகிரி தருகிறது. இந்த உருவங்கள் தட்டையான ஒரு தளத்தின் மேல் விழும்படி கணக்கிடப்படுவதால், ஓரம் போகப்போக எல்லாம் இழுபட்டுப் பருத்துத் தெரியும். கூடுதலாகக் கிடைத்த பரப்பில் படத்தின் தரம்தான் மட்டம். திரையை வளைத்துச் செய்வதால் அந்தக் கணக்கு மாறுவதில்லை.

கூர்மையின் பக்கம் வருவோம். 3440×1440 அல்ட்ராவைடில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல். 32 அங்குல 4கே-யில் 138, 27 அங்குல 4கே-யில் 163. குறையில்லாத கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 பிக்சல்களைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் பொது அளவுகோல். மேஜையில் உட்காரும் 60 செ.மீ. தூரத்தில் அல்ட்ராவைட் தருவது 45 தான். 32 அங்குல 4கே 57-ஐத் தொடுகிறது, 27 அங்குலம் அதையும் தாண்டுகிறது. '4கே-யை யார் கண்ணு பார்க்கப் போகுது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் டிவியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் அவர்கள் சொல்வது சரி, மேஜையில் சரியில்லை. தமிழ் படிக்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். நம் எழுத்து சுழிகளால் ஆனது. ண-வுக்கும் ன-வுக்கும் நடுவே ஒரு சுழிதான் வித்தியாசம், மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளி சின்ன எழுத்தில் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். 27 அங்குல 4கே-யில் விண்டோஸ் எழுத்தை 150 சதவீதத்தில் வைத்தால், சாதாரணத் திரையில் தெரியும் அதே அளவு எழுத்துக்கு இரண்டேகால் மடங்கு பிக்சல் கிடைக்கிறது. கேமுக்கு வாங்கும் மானிட்டரில்தான் மறுநாள் காலை கல்லூரி அசைன்மென்ட்டும், இரவு வீட்டாருக்கு மின்கட்டணமும், யாருக்கோ ஆன்லைன் விண்ணப்பமும் நடக்கின்றன. கேமிலும் தமிழ் வந்தாயிற்று. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா', டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டு மறு ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கிய விளையாட்டு, கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துத்தான் நகர்கிறது. அதை ஓட்டப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் தேவையில்லை.

எல்லா விவாதமும் கடைசியில் அந்தக் கார்டில்தான் வந்து முட்டும். 4கே என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 83 லட்சம் பிக்சல், அல்ட்ராவைடுக்கு ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'மானிட்டரில் மிச்சம் பிடித்துக் கார்டில் அழவேண்டுமா' என்ற இந்தக் கேள்விதான் பல ஆண்டுகள் அல்ட்ராவைடின் பலமாக இருந்தது. 2020-க்கு முன் எழுதியிருந்தால் நானும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன். அந்த ஆண்டு என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இரண்டாம் பதிப்பு வந்தது, 2022-ல் ஏஎம்டி தன் எஃப்எஸ்ஆர் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. குறைந்த பிக்சலில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கும் இந்த முறையில், 4கே-யின் 'குவாலிட்டி' நிலை உள்ளுக்குள் வரைவது 2560×1440 மட்டுமே, அதாவது 37 லட்சம் பிக்சல். இப்படிப் பெரிதாக்கப்படாத அல்ட்ராவைடைவிட இது குறைவு. அல்ட்ராவைடையும் இப்படிப் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். ஆக்கலாம், ஆனால் அங்கே தொடங்கும் படமே வெறும் 960 வரி உயரம், மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எவ்வளவுதான் ஊகிப்பது? இந்த வசதி இல்லாத பழைய கேமை 1080-ல் ஓட்டினாலும் 4கே-யில் ஒரு பிக்சலுக்குச் சரியாக நான்கு பிக்சல் பொருந்தும், அப்படி முழு எண்ணில் பெரிதாக்கும்படி கார்டில் அமைத்தால் மங்காது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 4கே-க்குக் கார்டின் நினைவகம் அதிகம் வேண்டும், 8 ஜிபி கார்டு புதிய பெரிய கேம்களில் திணறும். அதற்காக உச்சத்துக்குப் போய் விலையுயர்ந்த கார்டு வாங்கிவிடவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட், 4080 இழுப்பது 320. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 37 யூனிட் கூடும், 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது மின்கட்டண அடுக்கையே மாற்றிவிடும். அந்த 200 வாட்டும் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். மதுரைப் பசுமலைப் பக்கம் சித்திரை மாதத்தில் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சினிமா பார்க்க அகலம் நல்லதுதானே என்பார்கள். 3440×1440 சினிமாஸ்கோப் விகிதத்தோடு அச்சாகப் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் பல படங்கள் மேலும் கீழும் கருப்புப் பட்டையைப் படத்தோடு சேர்த்தே சாதாரணத் திரையின் 16:9 சட்டகத்தில் அடைத்துத்தான் வருகின்றன. அல்ட்ராவைடில் போட்டால் நாலாபக்கமும் கருப்பு நிற்கும், தனியாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். 4கே திரையில் மேலும் கீழும் பட்டை விட்ட பிறகும் படத்துக்கு 60 லட்சத்துக்கு மேல் பிக்சல் மிஞ்சுகிறது.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்றுதான்: ஓட்டுகிறவர்கள். யூரோ டிரக் சிமுலேட்டரில் நம்மூர் ஆம்னி பஸ்ஸையும் அரசு பஸ்ஸையும் இறக்கி ஓட்டும் கூட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களுக்கு இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், ஓரத்தில் உருவம் பருத்தாலும் கவலையில்லை, பின்னால் வருகிறவன் தெரிந்தால் போதும். அந்த கேம் அகலத்தை முழுதாக ஏற்கவும் செய்கிறது. கார் பந்தயம், விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெரும்பகுதி நேரம் இவற்றிலேயே கழிகிறதென்றால் 34 அங்குலத்தையே வாங்கலாம், மேஜை 80 செ.மீ.க்கு இடம் கொடுக்குமா என்று மட்டும் டேப் வைத்து அளந்துகொண்டு. உயரத்தைக் குறைக்காமல் அகலத்தைக் கூட்டும் 5120×2160 மானிட்டர்களும் வந்துவிட்டன. ஒரு கோடியே பத்து லட்சம் பிக்சல் கொண்ட அவற்றின் விலை இப்போதைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அது இன்றைய 32 அங்குல 4கே-யின் விலைக்கு இறங்கும் நாளில் நான் மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.