நோயாளிக்கு மட்டும் தெரியாத நோய்

பெரியோர்களின் வரலாற்றை மதரஸாவில் நாம் கற்பிக்கும்போது அவர்களின் பிறப்பையும் வெற்றிகளையும் விரிவாகச் சொல்கிறோம். இறுதி நாள்களை மட்டும் "இன்ன ஆண்டில் வஃபாத்தானார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நம் குடும்பங்களுக்கு இன்று மிகவும் தேவைப்படும் பாடம் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

ஹிஜ்ரி 23இல், ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். வீட்டுக்குத் தூக்கிவந்து பேரீச்சம்பழ ஊறல் நீரைக் கொடுத்தார்கள். அது காயத்தின் வழியே வெளியேறியது. பால் கொடுத்தார்கள்; அதுவும் வெளியேறியது. பிழைக்க மாட்டார்கள் என்பது சுற்றியிருந்தவர்களுக்குப் புரிந்தது. வஸிய்யத் செய்துவிடுங்கள் என்று மருத்துவர் கலீஃபாவிடமே சொன்னார். அவர் உண்மையைச் சொன்னார் என்று உமர் (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்தவற்றைக் கவனியுங்கள். மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 திர்ஹம் வந்தது. முதலில் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிட்டால் தம் கிளையாரிடமும், அதற்குப் பின் குறைஷியரிடமும் கேட்டு அடைக்கும்படி வரிசை சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு அனுப்பினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். குத்துக் காயத்துடன் கிடந்த ஒருவர் இத்தனையையும் முடித்தார். அவருடைய நிலைமையை அவரிடம் யாரும் மறைக்காததே அதற்குக் காரணம்.

அபூபக்ர் (ரலி) அவர்களும் இறுதி நோயில், ஆட்சிப் பொறுப்பேற்ற பின் தம் உடைமையில் கூடியது எதுவோ அதை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருந்த சில தீனார்களையும் தர்மம் செய்யச் சொல்லிவிட்டே பிரிந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோரிமேட்டு ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், திண்டிவனம் எனச் சுற்று வட்டாரம் முழுவதிலுமிருந்து மக்கள் வருகின்றனர். புற்றுநோய்ப் பிரிவில் நோய் விசாரிக்கச் செல்லும் நம்மைப் பெரும்பாலும் வராந்தாவிலேயே பிள்ளைகள் நிறுத்துகின்றனர்: "ஹஜ்ரத், அத்தாவுக்கு விஷயம் தெரியாது. வயித்துல புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே பேசிடுங்க."

இது அன்பினால் வருவது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வரிசையில் அமர்ந்திருப்பவருக்குத் தம் நோய் என்னவென்று உண்மையிலேயே தெரியாதா? பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யார், எதற்காக வந்தார் என்று அவர் கேட்டிருக்க மாட்டாரா? பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று தகப்பன் தெரியாததுபோல் இருக்கிறார். தகப்பனின் மனம் நோகக்கூடாதென்று பிள்ளைகள் சிரித்துப் பேசுகின்றனர். பேச வேண்டியவை பேசப்படாமலேயே நாள்கள் கழிகின்றன. யாரிடம் கைமாற்று வாங்கினார், யாருடைய நகை அமானிதமாக இருக்கிறது, மனைவிக்கு மஹர் பாக்கி உண்டா, தம்பியுடன் பேச்சு நின்று எத்தனை ஆண்டுகள் ஆயின என்பவை அவர் ஒருவரே சொல்லக்கூடியவை. ஜனாஸாவின்போது "கடன் இருந்தால் வந்து சொல்லுங்கள்" என்று நாம் அறிவிப்பது இதற்கு ஈடாகாது. சொத்துப் பங்கீட்டில் கடனும் வஸிய்யத்தும் வாரிசுகளின் பங்குக்கு முந்தியவை. அவை தெரியாமல் பிரிக்கப்படும் சொத்தில் பிறருடைய ஹக் கலந்துவிடும்.

கோரிமேட்டுக்குச் சற்றுத் தொலைவில், இலாசுப்பேட்டையில் வாழ்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 2021 மே 17 அன்று 98ஆம் வயதில் மறைந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் தம் எழுத்துகளின் உரிமை யாருக்கு என்பதை முன்பே எழுதி வைத்துவிட்டுப் போனார். வஸிய்யத்தைக் கடமைகளுள் ஒன்றாகக் கற்ற நம்மில் எத்தனை பேர் ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கிறோம்?

இதற்கு மாறான நிகழ்வையும் தமிழகம் கண்டது. 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதல்வர் ஜெயலலிதா, 75 நாள்களுக்குப் பின் டிசம்பர் 5 அன்று இறந்தார். உள்ளே நடந்தது வெளியே எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி தலைமையில் ஆணையம் அமைந்து, அதன் அறிக்கை 2022இல்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. யார்மீது தவறு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. கதவு மூடிய அறையில் முடிந்த இறுதி நாள்கள் பின்னே எத்தனை ஆண்டுச் சந்தேகத்தை விட்டுச் செல்லும் என்பதை மட்டும் சுட்டுகிறோம். சாதாரணக் குடும்பங்களில் இதற்கு ஆணையம் அமைவதில்லை. அண்ணன் தம்பிகளின் வழக்காக அது நீதிமன்றத்தில் கிடக்கும்.

உண்மையைச் சொல்வதென்றால் "மூன்று மாதம்தான்" என்று கெடு வைப்பதன்று. அஜல் அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. மருத்துவர் சொல்வது கணிப்பு. அந்த எண்ணை நோயாளியின் காதில் போட வேண்டாம் என்றே நாமும் சொல்வோம். நோயின் பெயரைச் சொல்லலாம், சிகிச்சையைச் சொல்லலாம், அவர் கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லலாம். அவர் நம்பும் ஒருவர், மருத்துவரிடம் கலந்து பேசிக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் அருகில் அமர்ந்து சொல்வது நல்லது. தமக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நோயாளியே சொன்னால் அதுவும் அவருடைய உரிமை. ஆனால் அதை அவர்தாம் சொல்ல வேண்டும்.

"சொன்னால் மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார்" என்பது பலருடைய அச்சம். இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். மரணம் நெருங்கிவிட்டதாகவே எண்ணி, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுச் செல்லாதீர் என்ற கருத்தில் பதில் வந்தது. இன்று வஸிய்யத்துக்கு நாம் வைத்திருக்கும் எல்லை அந்தப் படுக்கையருகே பிறந்தது. அன்று அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். ஸஅத் (ரலி) அவர்கள் அந்த நோயிலிருந்து எழுந்தார்கள். காதிஸிய்யாப் போருக்குத் தலைமை ஏற்றார்கள். பல பிள்ளைகளுக்குத் தந்தையானார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே மதீனாவை அடுத்த அகீக்கில் வஃபாத்தானார்கள்.