நாட்டு நாயும் நமது கடமையும்

அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கம் முதல் காங்கயம், வெள்ளகோவில் வரையில் பரந்து கிடக்கும் திருப்பூர் ஜில்லா, பனியன் தொழிலால் உலகறிந்தது. எனினும் அதன் கிராமங்களில் ஆடு மாடுகளே இன்னமும் அநேக குடும்பங்களுக்குக் கைமுதல். அந்தக் கைமுதலைத் தெருநாய்கள் பட்டி புகுந்து அழித்து வருகின்றன. கடியுண்டு மாண்ட ஆடுகளுடன் காங்கயம் பக்கத்து விவசாயிகள் கிளர்ச்சி செய்ததும், சர்க்கார் நஷ்டஈடு அறிவித்ததும் 2025-ஆம் வருஷத்துச் செய்திகள். அவ்வருஷம் தெருநாய்ப் பிரச்னை சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. இந்நிலையில் நாயைப் பழக்கிப் போட்டியில் விடுவதைப் பற்றி நாம் எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், உடையவனும் பழக்கமும் அற்ற நாயே உபத்திரவம். பழகிய நாய் ஊருக்குக் காவல். இவ்வித்தியாசத்தை மறந்ததே நமது கஷ்டத்திற்குப் பாதிக் காரணம்.

நம் முன்னோர் அதை மறந்தாரில்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர்நீத்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. நாய்க்குக் கல்லெழுத்தில் புகழ் தந்த தேசம் இது.

இன்றைய நிலை என்ன? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நமது ஜாதி நாய்களின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். 2005-ல் ராஜபாளையம் நாய் தபால் தலையிலும் இடம்பெற்றது. முத்திரை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை! வேட்டை நாய்களின் பழைய தொழிலான முயல் வேட்டையை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது. அது நியாயமே. ஆனால் அதற்கு ஈடாக நாம் அமைத்த தொழில் யாது? கண்காட்சியில் நிறமும் உயரமும் பார்த்துப் பரிசளிக்கிறோம். புத்தியையும் கீழ்ப்படிதலையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளந்து பார்த்தால் நமது நாய் தோற்குமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை. 2024-ல் லக்னௌவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் போட்டிகளில், எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்னும் முதோள் நாய், அயல்நாட்டு ஜாதிகளைப் பின்தள்ளித் தடம் பற்றுவதில் முதற் பரிசும், போட்டியின் சிறந்த நாய் என்ற விருதும் பெற்றது. முதோள் நமது அண்டை ராஜ்யமான கர்நாடகத்தைச் சேர்ந்தது. அதற்குக் கிடைத்த பயிற்சி நமது நாய்களுக்கும் கிடைக்கட்டும் என்பதே நாம் கேட்பது.

பிற தேசத்தார் இதை விளையாட்டாகவே வளர்த்தனர். 1873-ல் வேல்ஸ் நாட்டுப் பாலா என்ற ஊரில் ஆட்டு நாய்களுக்குப் போட்டி வைத்தனர். மேய்ப்பனின் சீழ்க்கைக்கு இணங்கி மந்தையைச் சேர்ப்பதே அவ்வகைப் போட்டியில் பரீட்சை. ஜெர்மனியில் பிறந்து இன்று பல தேசங்களில் நடக்கும் போட்டியொன்றில் தடம் பற்றல், கீழ்ப்படிதல், காவல் என்ற மூன்று பிரிவுகள் உள. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண்; எதிலும் 70-க்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. ஆள்மேல் பாயும் நாயும், எஜமானன் சொன்ன கணத்தில் பிடியை விடாவிட்டால் மதிப்பெண்ணை இழக்கும். சீற்றத்தினும் அடக்கத்தையே அங்கு பெரிதாக மதிக்கின்றனர்.

இது கொடுமைக்கு வழிசெய்யாதோ என்று சிலர் கேட்கக்கூடும். அடித்துப் பழக்கிய நாய் தடம் பற்றாது. அஞ்சும், அல்லது கடிக்கும். சிறு குட்டிப் பருவத்தில் தீனியும் விளையாட்டும் தந்து, குறுகிய நேர்த்தடத்தில் தொடங்கி, நாளடைவில் வளைவும் தூரமும் கூட்டிப் பழக்குவதே முறை. நாய்ச் சண்டையும் சூதாட்டப் பந்தயமும் வேறு. அவற்றுக்கு இங்கே இடமளிக்கலாகாது.

ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் தமிழகம் திரண்டெழுந்தது. அவ்வருஷத்துச் சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் ஏற்றுக்கொண்டது. காளைக்காக எழுந்த தேசாபிமானம், பட்டி காக்கும் நாயைக் கண்டு வாய்மூடி நிற்பது அழகன்று.

ஆகவே கால்நடை இலாகாவும், கால்நடைப் பல்கலைக்கழகமும், போலீஸ் மோப்பநாய்ப் பிரிவும் ஒன்றுகூடி, கொமரலிங்கம் போன்ற ஊர்களில் வருஷந்தோறும் நாட்டு நாய்களுக்குப் பயிற்சியும் போட்டியும் நடத்தவேண்டும். ஆட்டு மந்தையின் நடுவே ஆடொன்றையும் தொடாமல் நிற்பதே முதற் பரீட்சையாக இருக்கட்டும். தடுப்பூசியும் உடையவன் பெயர்ப் பதிவும் இல்லாத நாயைக் களத்தில் சேர்க்கலாகாது. பரிசை நாடியேனும் நாயை அவிழ்த்துவிட்டு மறக்கும் வழக்கம் குறையும். ஊர் இளைஞர்களுக்கு நல்லதோர் விளையாட்டும் கிட்டும். நஷ்டஈடு, இறந்த ஆட்டுக்கு விலை தரும். ஆடு இறவாதிருக்க வழி செய்வதே விவேகம். சர்க்கார் முன்வரத் தாமதித்தால், ஊர்ப் பொதுமக்களும் வாலிபர் சங்கங்களும் தாமே தொடங்குவார்களாக.