ட்ரெக்கிங் போகும் என் பிள்ளைகளே, "சாதாரணக் காய்ச்சல்" என்று சொல்லாதீர்கள்

நீளமான பதிவு இது. கோபத்தோடு எழுத உட்கார்ந்ததால் சுருக்க முடியவில்லை.

போன வாரம் ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது நம் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதும் நோயைப் பற்றி ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தேன். மலையேற்றக் குழு நடத்தும் என் மாணவன் ஒருவன் கீழே எழுதியிருந்தான்: "சார், அதெல்லாம் ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கு வர்றது. நாங்க வீக்எண்ட் போய்ட்டு வர்றவங்க." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கு நாற்பது லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள்.

மேய்க்கிறவருக்கு வந்தால் பரவாயில்லையா தம்பி? ஜவ்வாது மலையில் நீங்கள் வழி கேட்டு, கூழ் வாங்கிக் குடித்து, போட்டோ எடுத்துக்கொண்ட அதே மனிதருக்குத்தானே அது வருகிறது? அவர் உட்கார்ந்த புல்லில்தானே நீங்களும் உட்கார்ந்தீர்கள்? அவர் முழங்காலை மூடி வேட்டி கட்டியிருந்தார். நீங்கள் அரைக்கால் சட்டை.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் பாடம். நாய் காதிலும் மாட்டின் மடியிலும் பார்க்கிறோமே, அந்த உண்ணி வேறு. இது மைட் என்ற நுண்ணிய உயிர். சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு கால். (தேர்வில் இந்த ஒரு மதிப்பெண்ணை எத்தனை பேர் விட்டீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.) வளர்ந்த மைட் மண்ணில் கிடந்து சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்னும், நம் பக்கமே வராது. கடிப்பது குஞ்சுப் பருவம் மட்டும்தான். அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. எலிக்காகப் புல் நுனியில் காத்திருக்கும், மனிதன் வந்தால் அவன் மேல் ஏறிக்கொள்ளும். கடித்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா அப்போதுதான் உடம்புக்குள் போகிறது. தாய் மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு அது வந்துவிடுவதால், புதர் இருக்கும்வரை நோயும் அங்கேயே இருக்கும். புதர் என்றால் மலைக்காடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எலியும் புல்லும் சேர்ந்த காலி மனையும் போதும். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் 'ஃபார்ம் ஹவுஸ்' தோட்டமும் போதும்.

காய்ச்சல் அன்றைக்கே வராது. சுமார் பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் போய்வந்ததே மறந்துவிடும். தலைவலி, உடம்புவலி, இருமல் என்று ஆரம்பிக்கும்போது எல்லோரும் 'வைரல்' என்பார்கள்.

என் தங்கை மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நண்பர்களோடு மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாளுக்கு மாத்திரை. பிறகு ஒரு கிளினிக். அங்கே வைடால் டெஸ்ட் எடுத்து டைஃபாய்டு என்று ஊசி போட்டார்கள். தட்டணு குறைந்ததும் டெங்கு என்று சந்தேகம், வீடு முழுக்கப் பப்பாளி இலைச்சாறு வாசனை. எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு சின்னப் பெண் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளைப் பார்த்து, பேண்ட் இடுப்புப் பட்டையைக் கீழே இறக்கினார். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. எட்டு நாளில் மூன்று பேர் பார்த்தார்கள், ஒருவர்கூட அவன் உடம்பைப் பார்க்கவில்லை! டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்து இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் தேற மட்டும் ஒரு மாதம் பிடித்தது.

என் கோபம் இங்கேதான். இது மருந்தில்லாத நோய் அல்ல. 1948-லேயே கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிக்கால் கொடுத்து இதைக் குணப்படுத்திக் காட்டிவிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் விலை ஒரு டீ, வடை காசு. ஆனால் காய்ச்சல் என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அமாக்ஸிசிலினோ செஃபிக்ஸிமோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் நாள் போய்விடும். நாள் போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை உறை என்று பரவும், உயிரும் போகும்.

தட்டணு குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டும் சித்திமார்களுக்கும் பெரியம்மாமார்களுக்கும் சொல்கிறேன், இந்த நோயிலும் தட்டணு குறையும். "டாக்ஸி மாத்திரை சூடு, நிலவேம்பு போதும்" என்று குடும்பக் குரூப்பில் எழுதியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் அதை அழித்துவிட்டால் நல்லது.

வெட்கக்கேடு என்னவென்றால், இந்த நோயைப் பற்றி உலகமே படிக்கும் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் அந்த அறிவு இருக்கிறது. நாம் பப்பாளி இலையைக் கசக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெங்களூரிலிருந்து ஷிவமொக்கா, வயநாடு என்று கிளம்பும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அங்கே இருப்பது நிஜமான உண்ணி பரப்பும் க்யாசனூர் காட்டு நோய், குரங்குக் காய்ச்சல். 1957-இல் ஷிவமொக்கா பக்கத்துக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தது. இது வைரஸ், இதற்கென்று தனி மருந்து கிடையாது. பழைய தடுப்பூசியையும் போதிய பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் முதல் மே வரைதான் அதற்குக் காலம், உங்களுக்கும் அதுதான் சீசன். செத்த குரங்கைக் கண்டால் செல்ஃபிக்குக் கிட்டே போகாதீர்கள். குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணியெல்லாம் அந்த இடத்தில்தான் உதிர்ந்து கிடக்கும்.

காட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. உங்களை முதன்முதலில் ஏலகிரிக்குக் கூட்டிப்போனதே நான்தான். முழுக்கை, முழுக்கால் உடுப்பு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, வெறும் புல்லில் படுக்காமல் விரிப்புப் போடுவது, டீட் கலந்த பூச்சிவிரட்டி, வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணியை வெந்நீரில் அலசுவது. இதில் எது கஷ்டம்? அதன் பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் போய்வந்த இடத்தைச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின்னால் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, அதனால் இல்லை என்றதும் விட்டுவிடக் கூடாது. ஐஜிஎம் எலைசா பரிசோதனை முதல் வாரத்தில் காட்டாமலும் போகலாம். சந்தேகம் இருந்தால் முடிவு வருமுன்பே மருந்து தொடங்கலாமா என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபிப்பாரா? கோபிக்கட்டும்.

சிரிப்புப் பொம்மை போட்ட தம்பிக்கு: ஜனவரியில் நாற்பது பேரைக் கூட்டிப்போகிறாய். உன் படிவத்தில் ரத்த வகை, சைவமா அசைவமா, டி-ஷர்ட் அளவு எல்லாம் கேட்டிருக்கிறாய். இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைச் சேர். திரும்பி வந்த பத்தாம் நாளும் இருபதாம் நாளும் குரூப்பில் "யாருக்காவது காய்ச்சலா?" என்று ஒரு செய்தி போடு. திருத்திய படிவத்தை இங்கேயே கமெண்டில் போடு, பார்க்கிறேன்.