சுமைகூலிகளின் படம்

"அய்யோ பாவம்ப்பா, அந்தப் பிள்ளைங்க." படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பக்கத்திலிருந்த தோழர் சொன்னார். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்த 'அய்யோ பாவம்' தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

படம், பஹ்மான் கோபாதி 2000-இல் எடுத்த 'குடிபோதைக் குதிரைகளுக்கான காலம்'. கோபாதி ஈரானின் எல்லையோர ஊரான பானேயில் பிறந்த குர்து இனத்தவர். படமும் குர்து மொழியில்தான் பேசுகிறது. அந்த ஆண்டு கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது இதற்கும் இன்னொரு ஈரானியப் படத்துக்கும் பகிர்ந்து தரப்பட்டது. விருது கிடைத்ததும் நம் அறிவுஜீவிகள் 'மனிதநேயக் காவியம்' என்ற முத்திரையை எடுத்துக் குத்திவிடுவார்கள். அதோடு வேலை முடிந்தது.

அம்மா முன்பே செத்துப்போனாள். ஈராக் எல்லைக்குச் சரக்குக் கடத்தப் போன அப்பா கண்ணிவெடியில் போய்ச் சேருகிறார். மிச்சம் பிள்ளைகள். குடும்பப் பாரம் சிறுவன் அயூப் தலையில். மூத்தவன் மாதி உடல் வளராதவன். பார்க்கக் கைப்பிள்ளை மாதிரி இருப்பான். உடனே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். செய்தாலும் சில மாதம்தான் ஆயுள் நீளும் என்கிறார் மருத்துவர். அந்தச் சில மாதத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

இதைப் 'பாசக் கதை' என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. நான் பார்த்தது கூலிக் கணக்கு. சந்தையில் கண்ணாடித் தம்ளர்களைக் காகிதத்தில் சுற்ற எத்தனை பிஞ்சுக் கைகள்! சட்டைக்குள் நோட்டுப் புத்தகங்களை ஒளித்துக் கடத்துகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத வேண்டிய நோட்டு, இந்தப் பிள்ளைகளுக்குச் சரக்கு! பனியில் கோவேறு கழுதைகள் நடக்க மறுத்தால் தண்ணீரில் சாராயத்தைக் கலந்து ஊற்றுகிறார்கள். (தலைப்பில்தான் குதிரை.) கழுதைக்காவது சாராயம் உண்டு. அயூப்புக்கு என்ன உண்டு?

எனக்குப் படத்தோடு ஒரு சண்டையும் இருக்கிறது. அக்கா ரோஜின். மாதியின் சிகிச்சைக்கு வழி செய்வார்கள் என்ற பேச்சில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். மாமன் பேசி முடித்த சம்பந்தம். எல்லையில் வைத்து மாப்பிள்ளை வீட்டார், பையன் வேண்டாம் என்று சொல்லி, பதிலுக்கு ஒரு கோவேறு கழுதையைக் கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு விலை ஒரு கழுதை. கேமரா இதை ஒளிக்காமல் காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவளை அப்படியே விட்டுவிடுகிறது. அயூப்போடும் கழுதையோடும் போய்விடுகிறது. தியாகம் செய்த பொண்ணு கதையை விட்டு இறங்கிப் போயிடணுமா? அவள் அந்த வீட்டில் எப்படி இருக்கிறாள்னு யார் கேட்பது?

குர்து மக்களின் நிலம் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு அரசுகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. கோடு போட்டவன் எவனோ. அதைத் தாண்டினால் 'கடத்தல்காரன்' என்ற பட்டம் சுமை தூக்குகிறவனுக்கு. சரக்குக்குச் சொந்தக்காரன் மலை ஏறுவதே இல்லை. 1980 முதல் 1988 வரை இரண்டு அரசுகள் நடத்திய போரில் புதைத்த வெடி, போருக்குச் சம்பந்தமில்லாதவன் காலைத் தேடுகிறது.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. முதுகில் சுமப்பவர்களை அங்கே 'கோல்பர்' என்கிறார்கள். எல்லைக் காவலர் சுட்டும், பனிச்சரிவில் சிக்கியும் சாகிறார்கள். 2019 டிசம்பரில் பதின்வயது அண்ணன் தம்பி இருவர் சுமைப்பாதைப் பனியில் உறைந்து செத்தார்கள். அது படமில்லை.

கடைசியில் அயூப், மாதியையும் கழுதையையும் கூட்டிக்கொண்டு முள்கம்பியைத் தாண்டுகிறான். கழுதையை விற்றால்தான் சிகிச்சை. படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

"ஆபரேஷன் நடந்துச்சா இல்லையா?" என்று தோழர் அன்றைக்கு இரண்டு தடவை கேட்டார். கழுதை என்ன விலைக்குப் போகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.