மூச்சுத்திணறலுக்கு மாத்திரையா, பம்ப்பா? ஜவ்வாது மலையில் நிமிடக் கணக்குதான் உயிர்!

ஜமுனாமரத்தூர்:

மார்கழிப் பனி இறங்கினால் ஜவ்வாது மலையில் ஆஸ்துமாக்காரர்களுக்கு கஷ்டகாலம்தான். வெளியே குளிர், உள்ளே விறகு அடுப்புப் புகை. ராத்திரி 2 மணிக்கு வீசிங் வந்தால் பலர் தேடுவது மாத்திரையைத்தான். "பம்ப் அடிச்சா அதுவே பழக்கமாயிடும்" என்ற பயம்தான் காரணம்.

உண்மை என்ன?

பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான். பெயர் சால்பூட்டமால். சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரித்துவிடும். மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரவேண்டும். வேலை செய்ய சுமார் அரை மணி நேரம் ஆகிவிடும். பம்ப் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. 5 நிமிடத்தில் மூச்சு லேசாகும்.

40 மடங்கு

ஒருமுறை பம்ப் அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல 40 மடங்கு! கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு மாத்திரையில் அதிகம் வருவது இதனால்தான். பம்ப் போதைப் பழக்கம் அல்ல.

அரை மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். மலையில் பெரிய விஷயம்தான். 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்ததை மறக்க முடியுமா? ரோடு இல்லாத ஊரில் கையில் இருக்கும் மருந்துதான் முதல் ஆஸ்பத்திரி.

பாட்டில் போதும்

குழந்தைகளுக்கு பம்ப்பை நேராக இழுக்க வராது. அதற்கு ஸ்பேசர் குழாய் உண்டு. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, பம்ப்பின் வாயை இறுக்கமாகப் பொருத்தினாலும் அதே வேலை நடக்கும் என்று 1999-ல் தென்னாப்பிரிக்க டாக்டர்கள் நிரூபித்தார்கள்.

ஆனால் விரிக்கும் மருந்து மட்டும் போதாது. குழாயின் உள்வீக்கம் குறைய, தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தும் வேண்டும். உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். சாவிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கு மேல்! சரியான மருந்து சரியான நேரத்தில் சேராததே முக்கிய காரணம்.

பேச்சே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் டாக்டர் சொன்ன அளவில் பம்ப் அடித்தபடியே 108-ஐ கூப்பிட வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

மலைக்கிராம சுகாதார நிலையங்களில் பம்ப் எப்போதும் இருக்க வேண்டும். அதை இழுக்கும் முறையையும் நர்சுகள் நேரில் செய்து காட்ட வேண்டும். அரசு கவனிக்குமா?