அலாய் வீலுக்குத் தவணை கட்டும் பிள்ளைகளுக்காக

"17 இஞ்ச் அலாய் போடாமல் ஆட்டோகிராஸ் பக்கம் வந்துவிடாதே" என்று வீடியோ போட்டு உபதேசம் செய்கிற மகானுபாவர்களிடம் ஒரு கேள்வி. அந்த 17 இஞ்ச் எதற்கு? கடிகாரத்துக்கா, கேமராவுக்கா?

"டீச்சருக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கமெண்ட் வரும். வரட்டும். ஆசிரியர் பயிற்சி முடித்து 31 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். டயர் விஷயத்தில் பாதி கணக்குதான். மீதியை மகனிடம் கற்றேன். அவன் பழைய ஸ்விஃப்டை வைத்துக்கொண்டு கோவை சுற்றுவட்டாரத்தில் ஆட்டோகிராஸ் ஓடுகிறான். வெயிலில் குடை பிடித்து நேரத்தை நோட்டில் எழுதுவது என் வேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டோகிராஸில் பத்து கார் முட்டி மோதிக்கொண்டு ஓடாது. ஒவ்வொரு காராக, குறித்த தடத்தில், கடிகாரத்தோடு போட்டி. வளைவுக்கு மேல் வளைவு. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். நம் பக்கம் அநேகமாக மண் தரை. சில இடங்களில் தார்த் தரையில் கோன் வைத்து நடத்துவார்கள்.

என் பழைய மாணவன் ஒருவன். அம்மா தையல் வேலை. ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கினான். நியாயம். அதற்கு மேல் 48,000 ரூபாய் கடன் வாங்கி அலாயும் டயரும் போட்டான். கடைக்காரர் சொன்னாராம், "இது இருந்தால்தான் கிரிப் கிடைக்கும்" என்று. முதல் போட்டியிலேயே ஒரு குழியில் இறங்கி ரிம்மின் விளிம்பு பிய்ந்துவிட்டது. தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் பிய்ந்தது? நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். அவன் வண்டியோடு வந்தது 165/80 ஆர்14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆக 132 மி.மீ. கடையில் மாட்டிவிட்டது 205/40 ஆர்17. 205-இல் 40 சதவீதம் 82 மி.மீ. குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் மெத்தையாக இருந்த ரப்பரிலும் காற்றிலும் 5 செ.மீ. போயே போய்விட்டது! இதற்குப் பெயர் அப்கிரேடாம். மொத்த விட்டமும் சுமார் 24 மி.மீ. குறைந்ததால் வண்டியின் வயிறு 12 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. மண் தரையில் ஓடப்போகிற வண்டிக்கு!

அதோடு, உதிரி மண்ணில் அகல டயர் மேலேயே மிதக்கும். ஒல்லி டயர்தான் மண்ணைக் கிழித்துக்கொண்டு கீழே இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கும். நிலைமை இப்படி இருக்க, 205-க்குக் கிரிப் வந்தது எங்கிருந்து?

இரும்பு ரிம் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். அடிபட்டால் வளையும்; பெரிய அடியாக இல்லாவிட்டால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். மலிவு அலாய் வெடிக்கும். வெடித்தால் பழைய இரும்புக்காரனுக்குத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அலாய்க்கு மாறுகிறவர்கள் கழற்றிப் போட்ட இரும்பு ரிம்கள் அதே கடைகளின் பின்பக்கம் அடுக்கிக் கிடக்கின்றன. பேரம் பேசினால் சொற்ப விலைக்கு ஒரு செட் கிடைக்கும். அதைப் போட்டிக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது போல்ட் வட்டத்தின் அளவைப் பாருங்கள். ஸ்விஃப்டுக்கு 100 மி.மீ., ஃபியட் பாலியோவுக்கு 98. "2 மில்லிமீட்டர்தானே டீச்சர், இழுத்துப் பிடித்தால் உட்கார்ந்துவிடும்" என்று என் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொன்னார். நட்டு சரியாக உட்காராத சக்கரம் கழன்று ஓடினால், அந்த 2 மில்லிமீட்டருக்கு யார் பொறுப்பு? ஓட்டையை அகலப்படுத்தித் தருகிறேன் என்கிற கடைக்குத் திரும்பவும் போகாதீர்கள்.

மிச்சப்படுத்திய பணம் முழுக்க டயருக்குப் போகட்டும். புது டயர். பழைய டயரில் சூட்டுக் கத்தியால் கோடு கீறி, கறுப்புச் சாயம் பூசி வைத்திருப்பார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. போட்டி முடிந்து அதே டயரில்தானே வீட்டுக்கு வருகிறீர்கள்? வழியில் அம்மாவையும் ஏற்றிக்கொள்கிறீர்கள் அல்லவா?

தார்த் தரைக்கு இந்தக் கணக்கு மாறும், ஒத்துக்கொள்கிறேன். அங்கே பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும், அகலமும் உதவும். அதற்கும் 17 வேண்டாம். ஸ்விஃப்டின் உயர் மாடலுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 போட்டு விற்றிருக்கிறது. 165/80 ஆர்14-ஓடு விட்டத்தில் 2 மி.மீ. கூட வித்தியாசம் வராது. இந்த விளையாட்டு வளர்ந்த அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் 'ஸ்ட்ரீட்' பிரிவில், கம்பெனி ரிம்மை விட அகலமாகவே போடக் கூடாது. விட்டத்தில் ஒரு இஞ்சுக்கு மேல் மாற்றவும் கூடாது. பணக்காரப் பிள்ளை பணத்தாலேயே ஜெயித்துவிடக் கூடாதல்லவா?

நம் ஊர்க்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினார். செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் நிற்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு காசு இருந்தால்தான் ரேஸ் என்று பேச எப்படி மனம் வருகிறது?

காற்றழுத்தம் பார்க்க ஒரு செலவில்லாத வழி, தார்த் தரைக்கு. டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. ஓரத்திலேயே அழியாமல் நின்றால் காற்று அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதுங்கள். சாக்பீஸ் வேண்டுமென்றால் என் வீட்டில் இரண்டு டப்பா இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் உங்கள் வண்டி டயரின் அந்த நான்கு இலக்கத்தை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.